முதல் தொட்டிப் புல்

பச்சையை வீணாக்கத் தெரியாதவள் ஜெபா. கீரைத் தண்டு, வாழைப்பூ மடல், முள்ளங்கித் தழை, எதுவானாலும் அவள் வீட்டில் அதற்கு ஒரு வாய் இருந்தது. மனுஷ வாய் இல்லாவிட்டால் மாட்டு வாய். காலனியில் எல்லோரும் மெச்சிய குணம் அது. அந்த நல்ல குணமே அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்தால், யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு ஒப்பந்த வேலை. உலைப் பக்கம் போக வேண்டியதில்லை. பின்புறம் மதிலை ஒட்டி நாலு நீளத் தொட்டிகள் இருந்தன. அடியில் தடித்த கறுப்பு பிளாஸ்டிக்கை விரித்து, இடுப்பளவு ஜல்லி கொட்டி, அதில் செடி நட்டிருந்தார்கள். தரை கழுவுகிற தண்ணீர், ஆட்கள் குளிக்கிற தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு குழியில் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து முதல் தொட்டிக்கு விடுவார்கள். விட்ட தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. ஜல்லிக்கு அடியிலேயே ஊர்ந்து, வேர்களுக்கு நடுவே நுழைந்து, நாலு தொட்டியையும் கடந்து, கடைசியில் ஒரு சின்னக் குளத்தில் விழும்போது குடிக்கலாம் போலத் தெளிந்திருக்கும். அந்தக் குளத்தில் மீன் விட்டிருந்தார்கள். எந்த அதிகாரி வந்தாலும் முதலில் காட்டுவது அந்த மீனைத்தான்.

செடிகளைப் பார்த்துக்கொள்வது ஜெபாவின் வேலை. காய்ந்ததைக் கழிப்பது, வளர்ந்ததை வெட்டுவது, குழாய் வாயில் வேர் அடைத்தால் எடுத்துவிடுவது. அவளுக்குப் பிடித்த வேலை. வெயிலாக இருந்தாலும் மண்ணும் தழையும் கையில் படுகிறதே என்பாள்.

ஒரே ஒரு குறை. முதல் தொட்டியில் கல்வாழை நிற்கவில்லை. இலை ஓரம் கருகி ஒரே மாதத்தில் சாய்ந்தது. மூன்று முறை நட்டார்கள், மூன்று முறையும் சாய்ந்தது. மற்ற தொட்டிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்க, முதல் தொட்டி மட்டும் மொட்டையாகக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க ஜெபாவுக்கு வயிறெரிந்தது. பத்து வயதிலிருந்து அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள் அவள். பயிர் ஏன் கருகுகிறது என்று தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள். யூரியாவை அள்ளி வீசிவிட்டால் பூச்செடி கருகும், புல் தாங்கும். எல்லாத் தண்ணீரும் முதலில் வந்து இறங்குகிற இடம் அது, ஆகவே சத்து அங்கேதான் மிஞ்சிக் கிடக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஊத்துக்கோட்டையில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து ஒரு சாக்கு கோ-நாலு தீவனப் புல் கரணை கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் முழத்துக்கு ஒன்றாக ஊன்றிவிட்டாள்.

புல் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் ஆள் உயரம் வளர்ந்து, காற்றடித்தால் சலசலவென்று சத்தம் போட்டது.

இந்தத் தொட்டிகளைக் கட்டிக்கொடுத்த நிறுவனத்திலிருந்து மாதம் ஒருமுறை நந்தினி என்று ஒரு இன்ஜினியர் பெண் சென்னையிலிருந்து வருவாள். முதல் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“யாருக்கா இத நட்டது?”

“நான்தான் மேடம். இன்னா, தப்பா?”

“தப்பா? நாங்க மூணு தடவ முயற்சி பண்ணி வராத இடம்கா இது!” புல்லுக்கு நடுவே ஜெபாவை நிறுத்தி நாலைந்து போட்டோ எடுத்தாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா ஒண்ணுக்கா. வெட்டுற புல்ல மாட்டுக்கு மட்டும் போட்றாதீங்க. அந்த ஷெட்ல காயப்போட்டுடணும். லாரி வந்து எடுத்துட்டுப் போகும்.”

“ஏன் மேடம்?”

“தண்ணியில இருக்கற அழுக்க எல்லாம் இதுதானேக்கா உறிஞ்சி வச்சிருக்கு?”

அழுக்கு என்றுதான் நந்தினி சொன்னாள். எந்த அழுக்கு என்று அவளுக்குத் தெரியும். படித்தவள், அதற்குப் பரிசோதனை எல்லாம் செய்து கையெழுத்துப் போடுகிறவள். ஆனால் வேலையாட்களிடம் பேரைச் சொல்லிப் பீதியைக் கிளப்ப வேண்டாம் என்று கம்பெனியில் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் கார் ஏறிப் போய்விட்டாள்.

ஜெபா வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள். சின்னராசு பக்கத்து இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். எதற்கும் அவன் வாயில் ஒரு பழமொழி இருக்கும்.

“அழுக்குன்னா இன்னா, கக்கூஸ் தண்ணிதான? நம்ம கால்வா ஓரத்துல வர்ற மாதிரி சிறுகீர எந்தத் தோட்டத்துல வருது, சொல்லு?” என்றான். “மாடு கறுப்புன்னா பாலும் கறுப்பாவா கறக்குது? அது எத்த துன்னாலும் வெள்ளையாத்தான் கறக்கும்.”

அப்போதுகூட ஜெபா புல்லை எடுக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, சாவி வாங்கிப் பூட்டைத் திறந்து ஷெட்டில்தான் போட்டாள். இரண்டு முறை லாரி வந்தது. அப்புறம் வரவில்லை. வெட்டிய புல் குவிந்து, மேலே காய்ந்து, அடியில் புழுங்கி நாற ஆரம்பித்தது. அதன் மேலேயே புதுசை வெட்டிப் போடச் சொன்னார்கள். வயிறு ஒட்டிப்போன மாடு வீட்டில் நிற்க, கைகொள்ளாத பச்சைப்புல்லை அழுகப் போடுவது அவளுக்குப் பாவமாகப் பட்டது.

மாட்டின் பேர் ராணி. அவர்கள் வேலை பார்த்த நிலத்தின் சொந்தக்காரர் குப்புராஜ், நிலத்தைப் பிளாட் போட விற்றுவிட்டு ஊரைக் காலி செய்தபோது, “இத்த ஓட்டிக்கினு போம்மா” என்று கொடுத்த கன்றுக்குட்டி. அது வளர்ந்து மாடானது, மேய்கிற இடம்தான் இல்லாமல் போனது. வரப்பு இருந்த இடமெல்லாம் கம்பெனி மதில். ராணி மதிலில் ஒட்டியிருந்த போஸ்டரைக் கிழித்துத் தின்று பசியாறிக்கொண்டிருந்தது. மாசி மாதம் ஒரு கிடாரிக் கன்று ஈன்றது.

கன்று ஈன்ற மறு வாரம் ஜெபா முதல் புல்கட்டைத் தலையில் தூக்கினாள். நல்ல கொழுத்த, தண்டு முறித்தால் சாறு சொட்டுகிற முதல் தொட்டிப் புல். கேட்டில் நின்ற காவலாளி வரதன் பள்ளிப்பட்டுக்காரர், நல்ல மனுஷர்.

“இன்னாம்மா ஜெபா, வெளிய போவுது?”

“அழுவிப் போற புல்லு வரதண்ணா. மாடு பட்டினி கெடக்குது.”

மறுநாளிலிருந்து அவர் டீக்கு ஒரு சொம்பு பால் வந்தது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்கள். வரதன் அந்த ரகமெல்லாம் இல்லை. மாட்டுக்குப் புல் போடுவதை எவன் தடுப்பான் என்பதுதான் அவருக்கும் தோன்றியது.

சித்திரையில் மகள் ஏஞ்சலின் வந்து சேர்ந்தாள். வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த பெண். மருமகன் ஜோஷ்வா தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவன். போன வருஷம் மூன்றாம் மாசத்திலேயே ஒன்று கலைந்துவிட்டது. இது இரண்டாவது, ஐந்து மாதம். மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது, நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், ஏழாம் மாசம்வரை காத்திராமல் ஜெபா போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட வேண்டும். அந்த வீட்டில் மூன்று பேரும் மூச்சு விட்டதே அதற்காகத்தான்.

காலையில் ஒரு பெரிய டம்ளர், சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர். ராணியின் பாலைக் காய்ச்சி, மஞ்சள் தட்டிப்போட்டு, ஆற்றிக்கொடுப்பாள் ஜெபா. ஏஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பால் மீசையைத் துடைத்துக்கொள்வாள்.

“யம்மா, எம் புள்ளைக்கு நீதான் சக்கரத் தண்ணி வெக்கணும். உன் கொணம்தான் வரணும் அதுக்கு.”

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக யார் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம் அந்தக் குழந்தைக்கு வரும் என்று அந்தப் பக்கம் நம்பிக்கை. சபைக்குப் போகிறவர்களானாலும் அதை மட்டும் யாரும் விடுவதில்லை. ஜெபா வெளியில், “உன் மாமியார் கோச்சுக்கப் போறாங்கடி” என்றாளே தவிர, உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

வைகாசி கடைசியில் கன்று செத்தது. நாலு நாள் கழிச்சல், காலை உதைத்துக்கொண்டு வலிப்பு, அவ்வளவுதான். பூச்சியாக இருக்கும் என்றார்கள். ஜெபா அழுதாள். அழுது முடித்த பிறகு அவளுக்குத் தோன்றியது, கன்றுக்கு விடுகிற காம்பும் இனி மகளுக்குத்தானே என்று. மறுநாளிலிருந்து மத்தியானமும் ஒரு டம்ளர் கொடுத்தாள். பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுததெல்லாம் இந்த மூன்றாவது டம்ளரை நினைத்துத்தான்.

ஆனி வெயிலில் புல் காய்ந்து கட்டையானது. ஜெபா அடித்தூரையே பெயர்த்து, ஜல்லியை உதறி, வேரோடு கொண்டுபோனாள். ஒரு நாள் காலையில் ராணி தவிட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. இழுத்துத் திருப்பினால் வட்டமாகச் சுற்றிவந்து மறுபடியும் சுவரை முட்டியது. பல்லை நறநறவென்று கடித்தது.

சின்னராசு கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்புராஜ் என்று, சின்ன வயசு. ராணியின் கண்ணுக்கு நேரே கையை வேகமாக ஆட்டிப் பார்த்தார். மாடு இமைக்கவில்லை.

“கண்ணு தெரியல” என்றார். “பழைய பேட்டரி ஏதாவது நக்குச்சா? பெயின்ட் டப்பா?”

“இல்ல சார்.”

“தீனி இன்னா போடுறீங்க?”

ஜெபா வாயைத் திறந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வரதன் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாள். தன் வேலை, அவர் வேலை, கம்பெனி, எல்லாம் ஒரு நொடியில் மனசில் வந்து போயின.

“வைக்கோலு சார். தவுடு. எங்கனா கெடைக்கிற புல்லு.”

அன்புராஜ் ரத்தம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்த ஏஞ்சலினை எட்டிப் பார்த்தார். “ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்தப் பால யாரும் குடிக்க வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ராணி செத்தது.

ஒன்பது நாள் கழித்துப் போன் வந்தது. சின்னராசு பேசிவிட்டு வைத்தான். அவன் வாயில் பழமொழி எதுவும் வரவில்லை.

“ஈயமாம். ரத்தம் பூரா ஈயமாம். எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கிறாரு.”

ஜெபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் வந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. கல்வாழை ஏன் கருகியது, ஷெட்டுக்குப் பூட்டு ஏன், உள்ளே வேலை செய்கிற பையன்களுக்கு மாதாமாதம் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள், குளத்துத் தண்ணீர் எப்படி அத்தனை தெளிவாக இருக்கிறது. தெளியாமல் என்ன செய்யும்? அதிலிருந்ததை எல்லாம் புல் எடுத்துக்கொண்டது. புல்லிலிருந்ததை ராணி எடுத்துக்கொண்டது. ராணியிடமிருந்து கறந்து, மஞ்சள் போட்டு, ஆற்றிக் கொடுத்தது அவள் கை.

“ஒண்ணியும் பேசாத” என்றான் சின்னராசு மெல்லிய குரலில். “மாடு போச்சு, கன்னு போச்சு. வேலையும் போவணுமா? வரதனுக்கு ரெண்டு பொண்ணு கீது.”

“பாலக் குடிச்சவ உள்ள படுத்துக்கினு கீறாளே” என்றாள் ஜெபா. “அத்த யாரு பாக்கிறது?”

அவன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அன்று சாயங்காலம் ஏஞ்சலினுக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. புல்லை, தொட்டியை, நந்தினி சொன்னதை, தான் கேட்காததை, ஒன்று விடாமல் சொன்னாள். பாதிப் பின்னலில் கை நின்றுவிட்டது. ஏஞ்சலின் திரும்பவில்லை. இரண்டு கையும் வயிற்றின் மேல் போயின.

“எத்தினி நாளாம்மா?”

“நீ வந்த நாள்லருந்து.”

“மேடம் போடாதன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

ஏஞ்சலின் திட்டியிருந்தால், டம்ளரை எடுத்து வீசியிருந்தால் ஜெபாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மிச்சப் பின்னலைத் தானே போட்டுக்கொண்டு எழுந்துபோய் ஜோஷ்வாவுக்குப் போன் செய்தாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். காயத்ரி என்று ஒரு டாக்டர் அம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருக்கவே கூடாதது இருக்கு. மாட்டுக்கு ஏறின அளவு இல்ல, அதுவரைக்கும் நல்லது. இந்த மாசத்துல இத இறக்க மருந்து குடுக்கறது யோசிச்சுத்தான் செய்யணும். இப்போதைக்கு இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து ரெண்டும் உடம்புல குறையவே கூடாது. மாத்திரை எழுதறேன். பால் நிறைய குடிங்க.”

பால் என்ற சொல் கேட்டதும் ஏஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சொன்ன பிறகுதான் டாக்டருக்கு உறைத்தது. ஜோஷ்வா மாமியாரை ஒரு பார்வை பார்த்தான். அவன் மரியாதை தெரிந்த பையன். அந்தப் பார்வையே போதும்.

ஜெபா தானே போய்க் கம்பெனியில் சொன்னாள். மறுநாளே அவளை நிறுத்தினார்கள். எச்சரித்தோம் என்பதற்கு, வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய இடத்தில் அவள் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். வரதனையும் அனுப்பிவிட்டார்கள். அவர் பள்ளிப்பட்டுக்கு மூட்டை கட்டும்போது ஜெபா போய் நின்றாள். “நீ இன்னாம்மா பண்ணுவ, மாட்டுக்குத்தான போட்ட” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பூட்டிக் கிடந்த ஷெட்டுக்கு ஒரே வாரத்தில் லாரி வந்தது. தொட்டிக்கு முன்னால் மஞ்சள் பலகை ஒன்று நட்டு, மண்டையோடு போட்டு, ஈயம் என்று பெரிசாக எழுதினார்களாம். அந்த ஒரு சொல்லை மாசிக்கு முன்பே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நந்தினி வீடு தேடி வந்தாள். உட்காரக்கூட இல்லை. “நான் பேரச் சொல்லியிருக்கணும்கா” என்று அழுதாள். ஜெபா அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, “நீ போடாதன்னு சொன்னியேம்மா. நான்தான் கேக்கல” என்றாள். ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு இவள் ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

ஏஞ்சலின் இன்னும் பத்து நாள் அங்கே இருந்தாள். அந்தப் பத்து நாளும் அவள் எதையும் மறுக்கவில்லை. முருங்கைக்கீரை வதக்கி வைத்தால், “எங்கருந்து பறிச்சம்மா?” என்பாள். கஞ்சி கொடுத்தால், “தண்ணி கேன்ல வாங்கினதா?” என்பாள். பதில் வந்ததும் சாப்பிடுவாள். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். அம்மா நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவள், இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஜெபாவும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதுபோல. பத்தாம் நாள் ஜோஷ்வா ஆட்டோ கொண்டுவந்து கூட்டிக்கொண்டு போனான். பிரசவம் வேப்பம்பட்டு வீட்டுப் பொறுப்பு என்றாகிவிட்டது.

ஆவணியில், நாள் நெருங்குவதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. ஒண்ணே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது நாள் வைத்திருந்தார்கள். அதற்கும் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அதிலும் இருந்தது.

“பயப்பட வேணாம், கவனிச்சுக்கிட்டே வருவோம்” என்றார் காயத்ரி டாக்டர். “பேச்சு, படிப்பு, காது கேக்கறது எல்லாம் வளர வளரத்தான் தெரியும்.”

வளர வளரத்தான் தெரியும். ஜெபா அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வெளியிலிருந்து ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்றதால் சர்க்கரைத் தண்ணீர் தள்ளிப்போயிருந்தது. குழந்தை வீட்டுக்கு வந்ததும், நாக்கில் பட்டும் படாமல் ஒரு தொடு தொட்டு முடித்துவிடலாம் என்று ஏஞ்சலினின் மாமியார் முத்தம்மா சொல்லியனுப்பினாள். ஜெபா கால் கிலோ சர்க்கரை வாங்கினாள். இரண்டு ரயில் மாறி வேப்பம்பட்டு போகும்வரை அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி ஏஞ்சலின் மடியில் வைத்திருந்தாள். கன்னத்தில் சதையே இல்லை. நெற்றி மட்டும் சின்னராசுவுடையது. முத்தம்மா பெரிய மனசுக்காரி. ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, “வாங்க சம்பந்தி, நீங்கதான் வெக்கணும்னு உங்க பொண்ணு மொதல்லருந்து சொல்லிக்கினு கீது” என்றாள்.

ஜெபா பொட்டலத்தைப் பிரித்தாள்.

“சக்கர எங்கருந்துமா வாங்கின?”

கேட்டுவிட்டு ஏஞ்சலினே திடுக்கிட்டுப் போனாள். வேண்டுமென்று கேட்கவில்லை அவள். இரண்டு மாதமாக எதைப் பார்த்தாலும் வருகிற கேள்வி, தானாக வந்துவிட்டது. ஜோஷ்வா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கடையிலதான்டி” என்றாள் ஜெபா. பொட்டலத்தை மறுபடியும் மடித்தாள். “அது கெடக்கட்டும் சம்பந்தி. உங்கூட்டு சக்கரையே போடுங்க.”

முத்தம்மா உள்ளே போய்த் தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். ஜெபா குழாயடியில் கையைக் கழுவினாள். ஒருமுறை, இரண்டு முறை, சோப்புப் போட்டு மூன்றாம் முறை. விரலில் புல் அறுத்த பழைய கீறல்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கிண்ணத்தில் விரலை நனைத்துக்கொண்டு குனிந்தாள்.

நிழல் பட்டதும் குழந்தை வாயைத் திறந்தது. எங்கிருந்து, எதிலிருந்து, யார் கை என்று ஒன்றும் கேட்காமல், சின்னச் சிவப்பு வாயை அப்படியே திறந்துகொண்டு காத்திருந்தது. ஜெபாவின் விரல் பாதியில் நின்றது. நனைந்த சொட்டு குழந்தையின் துணியில் விழுந்தது. அவளால் முடியவில்லை.

“நீங்க வையுங்க சம்பந்தி” என்றாள். “என் கொணம் அதுக்கு வாணாம்.”

முத்தம்மா மருமகளைப் பார்த்தாள். ஜெபாவும் பார்த்தாள், தன்னையும் மீறி. ஏஞ்சலின் ஒரு சொல் சொன்னால் போதும், நீயே வைம்மா என்று. ஏஞ்சலினின் கண் நிறைந்து வழிந்தது. உதடு அசைந்தது. ஆனால் அந்தச் சொல் வரவில்லை. குழந்தையை மெல்லத் தூக்கி மாமியார் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

சாயங்கால ரயிலுக்காக வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நின்றபோது, சர்க்கரைப் பொட்டலம் இன்னும் அவள் கையில் இருந்தது. நல்ல சர்க்கரை, ஒரு மணிகூடக் குறையவில்லை. வீட்டில் டீக்கு ஆகும். ஒரு கறிவேப்பிலைக் காம்பைக்கூடச் சும்மா எறியாதவள், அதைப் பிரித்து, பிளாட்பார விளிம்பில் நின்று, தண்டவாளத்து ஜல்லியில் முழுக்கக் கொட்டினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.